நேராக ஓடிய எல்லை

திருப்பதியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நூலக மேசை மேல் எங்கள் மாவட்டத்தின் பெரிய வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே திருமலை நின்றுகொண்டிருந்தது. மேசை மேல் அதே மலை விரல் ரேகை போலக் கோடு கோடாகச் சுருண்டு கிடந்தது. நகரியைத் தேடிக் கண்டுபிடித்தேன். நான் நீச்சல் பழகிய ஏரி ஒரு நீலப் புள்ளியாக இருந்தது. நான் மலையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்ததைக் கண்டு என் அறைத் தோழன் தெலுங்கில் கேலி செய்தான். "ஏமப்பா, கொண்டனி எப்புடூ சூடலேதா?" மலையைப் பார்த்திருக்கிறேன். அது காகிதத்துக்குள் இறங்கிப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறியவன் நான் ஒருவன்தான். நைனா தறி நெய்கிறவர். கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுவார். அவர் மகனை, சரித்திரமும் பூகோளமும் ஒன்றாகக் கலந்த சமூகப் பாடம் சொல்லித்தரும் வாத்தியாராக ஆக்குகிறோம் என்று அந்தக் கல்லூரி எடுத்துக்கொண்டது. அதை என்னால் நெடுநாள் நம்ப முடியவில்லை.

வருடக் கடைசியில், வெளியூர் தேர்வாளர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நிஜ வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பாடக் குறிப்பில் எழுதிய படிகளை அதே வரிசையில், மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். பாடத்துக்கான படத்தையும் நாமே தயாரிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் இந்த ஒரு பாடத்தில் தவறினால் வேலை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே எல்லை முடிவாகியிருந்தது. அதுவரை எங்கள் மாவட்டத்தில் இருந்த திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த பள்ளிப்பட்டும் கூடவே போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. நேற்று வரை இல்லாத ஒரு கோடு அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே வந்துவிட்டது. ஆனால் எந்த வரப்பும் நகரவில்லை. இந்த வியப்பை விட மனமில்லாமல் 'நம் மாநிலத்தின் எல்லை' என்பதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

காகிதம் கிழிந்துவிடும் என்று, ஊருக்குப் போய் நைனாவிடம் ஒரு கெட்டித் துணி கேட்டேன். கஞ்சி போட்டு விறைப்பாக்கித் தந்தார். ஊர்களையும் மலைகளையும் வண்ணத்தில் எழுதினேன். எல்லையை மட்டும் பென்சில் புள்ளிகளாக வைத்து, அதன் மேல் சிவப்பு நூலால் தைக்கச் சொன்னேன்.

நைனா புள்ளிகளைப் பார்த்தார். "இன்னாடா இது, நாய் துரத்துனவன் ஓடுன மாதிரி ஓடுது?"

"அதான் நைனா எல்லை. புள்ளி மேலயே நூல் போவணும்."

"பள்ளிப்பட்டு எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

"நம்ம பொண்ண அந்தப் பக்கம் தள்ளிட்டானுங்களா?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள், "ஆமா, அவ வூட்டத் தூக்கிக்கினா போனா? அதே வூடு, அதே மாமியாரு."

தேர்வு நாள் காலையில் படம் மூங்கில் கழியில் சுருட்டிக் கட்டித் தயாராக இருந்தது. பிரிக்கப் போனேன். நைனா கையைத் தட்டிவிட்டார். "மடிப்பு வுழுந்துரும். சித்தூர்ல போயி பிரி."

தமிழ்ப் பிரிவு இருந்ததால் எனக்குச் சித்தூரில் ஒரு பள்ளியை ஒதுக்கியிருந்தார்கள். பஸ் பள்ளிப்பட்டு வழியாகப் போயிற்று. அப்படியானால் மெட்ராஸ் மாநிலத்துக்குள் நுழைந்து மறுபடி வெளியே வர வேண்டும். நுழையும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை எடுக்காமல் நின்றேன். இந்தப் பக்கம் வேர்க்கடலைச் செடி. அந்தப் பக்கமும் வேர்க்கடலைச் செடி.

வகுப்பில் நாற்பது பையன்கள். பின்னால் தேர்வாளரும் எங்கள் விரிவுரையாளரும். முன்னுரைக் கேள்விகள் முடிந்ததும் படத்தைச் சுவரில் மாட்டிக் கயிற்றை அவிழ்த்தேன்.

எல்லை நேராக இருந்தது. புடவைக் கரை போல, ஒரு நூல் பிசகாமல், மேலிருந்து கீழே ஓடியது. ஆயுள் முழுக்க நேர்க்கரை நெய்த கைக்கு, கோணலான கரை என்றால் தறியில் நேர்ந்த பிழை. நைனா என் பிழையைத் திருத்திவிட்டார். தைக்காமல் விட்ட புள்ளிகள் ஓரமாக மங்கித் தெரிந்தன.

முதல் வரிசையில் ஒருவன் எழுந்தான். "சார், கோடு தப்பு சார். எங்க ஊரு பள்ளிப்பட்டாண்ட. இப்ப மெட்ராஸு. நீங்க எங்கள திரும்ப இட்டாந்துட்டீங்க."

"அவன அங்கயே வுட்டுடுங்க சார்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

என் பாடக் குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. தேர்வாளரின் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பென்சில் சீவும் பிளேடால் நைனாவின் தையல் முடிச்சை அறுத்து நூலை உருவினேன். நூல் லேசில் வரவில்லை. அத்தனை நெருக்கமான தையல்.

"சரி, எங்க போவணும்? நீங்களே வந்து வைங்க" என்றேன்.

ஒருவன் ஓடிப்போய் வேலியிலிருந்து வேலமுள் ஒடித்து வந்தான். ஒவ்வொருவனாக வந்து புள்ளி மேல் முள் குத்தி, நூலைச் சுற்றி அடுத்தவனிடம் கொடுத்தான். இது மாமா ஊர், இது நாங்க மாடு வாங்குன சந்தை, இந்த ஆத்துல நான் வுழுந்தேன். குடிபாலாக்காரன் ஒருவன் தன் ஊருக்குப் பக்கத்தில் முள்ளை மெதுவாக, யாருக்கோ வலிக்கும் போலக் குத்தினான். நான் புத்தகத்தில் படித்த எல்லை முழுவதும் அவர்களுக்குத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி முள் ஏறுமுன் மணி அடித்துவிட்டது.

தேர்வாளர் படத்தருகே வந்தார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். நூல் உருவிய தையல் தடத்தைத் தடவினார். "எவர் தைச்சது?"

"எங்க நைனா சார். தறி நெய்றவரு."

"தையல் பாகுந்தி. மேப்தான் தப்பு. கடைசியில மறுபார்வைக் கேள்வி எங்க?"

"மணி அடிச்சிட்டாங்க சார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். போயிற்று என்றே முடிவு செய்தேன். தறியில் உட்கார மறுபடி பழகிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

முடிவு வந்த அன்று விரிவுரையாளர் அழைத்துக் குறிப்பைப் படித்துக் காட்டினார். பாடக் குறிப்பைப் பின்பற்றவில்லை. நேரத்தில் முடிக்கவில்லை. ஒரு மாணவன்கூடத் தூங்கவில்லை. தேர்ச்சி.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "கோணக் கரைய எவன்டா வாங்குவான்?" என்றார் நைனா. "பொண்ணு ஊர வுட மனசு வர்ல. கரை மேல பழி போடுறாரு" என்றாள் அம்மா.  நைனா, முள்ளோடு திரும்பி வந்த படத்தைத் தரையில் விரித்து, கோணல் நூலின் மேல் விரலை மெதுவாக நடத்திக்கொண்டு போனார்.

"பள்ளிப்பட்டு எங்கடா?"

"இதோ, நைனா."

"நம்ம ஊரு?"

காட்டினேன். அந்தக் கட்டைவிரலை அங்கே வைத்தார். இரண்டு ஊரும் அதற்கு அடியில் மறைந்துபோயின.

"இத்தினி கிட்டயா இருக்கா?" என்றார்.