அழுகை எனக்கு, சஸ்பென்ஸ் அத்தைக்கு

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு நூலகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: பதின்பருவத்தினர் என்ன நாவல் படிக்கலாம்?

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பதின்பருவத்தில் இருக்கும் யாரும் என் பேச்சைக் கேட்டு எதுவும் செய்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிற ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதை நானாகப் போய்க் கெடுப்பதில்லை.

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மடியில் ஐம்பது ஜெராக்ஸ் தாள்கள். 'இளம் வாசகர்களுக்குப் பத்து நாவல்கள் — உருக்கமும் விறுவிறுப்பும்' என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் எழுதியிருந்தேன். 'நெஞ்சை அள்ளும்', 'கீழே வைக்க விடாது', 'முடிவு உலுக்கிவிடும்'... புத்தக விமர்சகர்களிடம் மொத்தமே ஒரு டஜன் வாக்கியங்கள்தான் உண்டு. அதில் பத்தை நான் ஒரே தாளில் செலவழித்திருந்தேன்.

கூட்டத்துக்கு ப்ளஸ் ஒன் மாணவிகள் நாற்பது பேரை டீச்சர் அழைத்து வந்திருந்தார். முக்கால் மணி நேரம் பேசினேன். நாற்பது பேரும் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள் — வாயை மூடிக்கொண்டு.

டீயும் சமோசாவும் வந்த பிறகு ஒரு பெண் தாளோடு என்னிடம் வந்தாள். பெயர் சங்கீதா. ரெட்டை ஜடை, கூர்மையான பார்வை.

"சார், இதுல எது சார் ரொம்ப அழுவாச்சியா இருக்கும்?"

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அழ வைக்கும்மா."

"கொஞ்சம் பத்தாது சார். நல்லா அழுவணும். ஆனா கத பரபரன்னு போவணும்."

பின்னால் நின்ற தோழி முந்திக்கொண்டு சொன்னாள்: "சார், அவளுக்கு அப்பா இல்ல சார். மூணு மாசந்தான் ஆவுது."

"உன்ன யாருனா கேட்டாங்களாடி?" என்று முழங்கையால் ஓர் இடி.

எந்த ஊர் என்று விசாரித்தேன். மரக்காணம் பக்கத்தில் ஒரு குப்பமாம். அப்பா மீன்பிடிப்பவர். என் கண்ணில் கடலும் புயலும் கவிழ்ந்த படகும் வந்துவிட்டன போலிருக்கிறது. அவள் அதைப் படித்துவிட்டாள்.

"கடல்ல இல்ல சார். எல்லாரும் அதான் நெனச்சிக்கிறாங்க. மீன் பொட்டிய ஏத்திக்கினு மொபெட்ல போனாரு. பாலத்துக்கிட்ட சறுக்கி வுழுந்துட்டாரு. அவ்ளோதான்."

முப்பது வருடம் கடலுக்குப் போய்த் திரும்பி வந்த மனிதர்.

பேனாவை எடுத்தேன். அவளுடைய தாளை வாங்கி, மூன்று நாவல்களின் மேல் கோடு போட்டேன். மூன்றிலும் அப்பா இறந்துபோவார், அல்லது காணாமல் போவார். மாந்தோப்புக்குள் புகுந்து திருடனைப் பிடிக்கிற ஐந்து நண்பர்களின் கதைக்குப் பக்கத்தில் இரண்டு டிக். 'இதைப் படி, மனசு லேசாயிடும்' என்று சொல்லி, அடியில் என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் தலையாட்டினார். நூலகர் தலையாட்டினார். கையில் ஸ்டெதஸ்கோப் இல்லாதது ஒன்றுதான் குறை.

யோசித்துப் பார்த்தால், நாம் பிள்ளைகளுக்குப் புத்தகமா சிபாரிசு செய்கிறோம்? பத்தியச் சாப்பாடு எழுதிக் கொடுக்கிறோம். சர்க்கரை உள்ளவருக்கு இனிப்பு ஆகாது. துக்கம் உள்ளவருக்குத் துக்கம் ஆகாது. நல்ல கொள்கைதான். யார் வகுத்தது என்றுதான் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனவன், பந்திக்கு நேரம் இருந்ததால் நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சங்கீதா புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மாந்தோப்பு படிச்சியாம்மா?"

"படிச்சேன் சார். அர நாள்ல முடிஞ்சிபோச்சி. ஜாலியா இருந்திச்சி."

ஆஸ்பத்திரி இட்லியை 'நல்லா இருக்கு' என்று சொல்கிற குரல். மடியில் வேறொரு நாவல் இருந்தது. எந்த நாவல் என்கிறீர்கள்? நான் கோடு போட்ட மூன்றில் ஒன்று!

"இதை நான் அடிச்சிருந்தேனேம்மா?"

"கோடு போட்டா இன்னும் நல்லா கண்ணுல படுது சார்."

அந்த நாவலின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பிறகு புரியும். கதை இதுதான்: ஒரு லாரி டிரைவர் வெல்லம் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறார். திரும்பவில்லை. லாரி கிடைக்கிறது, ஆள் இல்லை. செத்துவிட்டார் என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் அவருடைய மகள் பெயருக்கு மாதா மாதம் ஒரு போஸ்ட் கார்டு வருகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரிலிருந்து. எழுத்து அப்பாவுடையது இல்லை. ஆனால் அப்பாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் அதில் இருக்கின்றன. யார் எழுதுகிறார்கள்? அப்பா இருக்கிறாரா, இல்லையா?

"இதை எப்படி எடுத்தே?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

நூலகப் புத்தகங்களைப் புழங்கியவர்களுக்குத் தெரியும். முதல் பக்கத்தில் 'கொலைகாரன் தம்பிதான், நேரத்தை வீணாக்காதீர்' என்று எழுதி வைப்பவர்கள் ஒரு ஜாதி. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இன்னொரு ஜாதி. இந்தப் புத்தகத்தில் இப்படி இருந்தது:

'மூன்று இடங்களில் அழுதேன். — கலைவாணி, பி.எஸ்சி. முதலாண்டு.'

'நான் நான்கு இடங்களில்.'

'புத்தகத்தில் எழுதாதீர்கள். — நூலகர்.'

மூன்றாவது மட்டும் பேனாவில் எழுதப்பட்டிருந்தது.

"உங்க பேப்பர்ல எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னுதான் சார் போட்டிருக்கு. இதுல எத்தினி எடம்னு கணக்கே இருக்கு" என்றாள்.

இருபது வருடப் பத்தி எழுத்து, அந்த ஒரு வாக்கியத்தில் காலி.

"ஏம்மா, இவ்வளவு அழணும்னு என்ன?" கேட்கக்கூடாத கேள்வி. வாய் கேட்டுவிட்டது.

அவள் புத்தகத்தை மூடினாள். விரல் மட்டும் உள்ளே, பக்கம் தவறாமல்.

"இப்ப இங்க திண்டிவனத்துல மாமா வூட்ல இருக்கோம் சார், அம்மாவும் நானும். அங்க அழுவ முடியாது. அழுதா அத்த வந்து, 'இங்க உங்களுக்கு என்னா கொற வெச்சோம், மூக்க சிந்திக்கினு இருக்கற'ன்னும். கெட்டது இல்ல சார், நல்லதுதான். அதுக்கும் ஒரு மாதிரி ஆயிடும் இல்ல? அம்மா உடனே பயந்துக்கும். கைல கத புக்கு இருந்தா ஒரு பேஜாரும் இல்ல. 'கதைக்குப் போயி அழுவுது பாரு லூசு'ன்னு சிரிச்சிக்கினு போயிடும்."

"சரி... அப்ப சஸ்பென்ஸ் எதுக்கு?"

"அது அத்தைக்கு சார்."

"அத்தைக்கா?"

"சும்மா படிச்சிக்கினு இருந்தா, 'எழுந்து ஜல்தியா தண்ணி புடி, வெங்காயம் உரி'ன்னும். ஒரு நாளு சத்தமா படிச்சேன். கார்டு யாரு போடறாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சே ஆவணும். இப்ப வெங்காயத்த அதுவே உரிச்சிக்கினு, 'நீ படிடி'ன்னுது."

"அத்தையும் அழறாங்களா?"

"வெங்காயம்னு சொல்லுது சார்."

உருக்கம் என்றால் என்ன, விறுவிறுப்பு என்றால் என்ன, ஒரு கதைக்குள் இரண்டும் எதற்காகச் சேர்ந்து இருக்க வேண்டும்... எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இரண்டொன்று எழுதியும் இருக்கிறேன். வீட்டுக்கூடத்தில் பழுதில்லாமல் வேலை செய்கிற விளக்கத்தை அன்றுதான் கேட்டேன்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "நீங்க படிச்சப்ப எந்த எடத்துல சார் அழுதீங்க?"

"அது... சொன்னா கதை தெரிஞ்சிடும்மா" என்றேன். பந்திக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன். ஆகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஆபீஸில் இருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். பின்னணியில் ஏகப்பட்ட இரைச்சல்.

"சங்கீதா அம்மா பேசறேங்க. மீன் மார்க்கெட்ல இருக்கேன். ஒண்ணு கேக்கணும். எனக்குப் படிக்க வராதுங்க, அதான் உங்களுக்குப் போட்டேன். அந்த லாரிக்காரரு கடைசில வர்றாரா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"ஏம்மா, அவளே படிச்சிச் சொல்லுவாளே?"

"இன்னும் கொஞ்சந்தான் பாக்கி, சாயங்காலம் முடிச்சிடலாம்னு சொல்லிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கா. எனக்குக் காலையிலேர்ந்து வேலையே ஓடல. அவரு வரலன்னா இந்தப் பொண்ணு என்னா ஆவுமோன்னு... புக்க நான் எடுத்தாந்துட்டேங்க. வூட்ல தேடினாலும் கெடைக்காது."

"மார்க்கெட்டுக்கா? மீன் கூடையிலயா?"

"ச்சே, சரஸ்வதிங்க அது. துணிப் பையில சுத்தி வெச்சிருக்கேன்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வந்துட்டாருன்னாலும் கஷ்டந்தாங்க. கதைல வர்றாரே, நம்ம அப்பா வரலியேன்னு நெனப்பா இல்ல? எப்டி இருந்தாலும் கஷ்டந்தான். எந்தக் கஷ்டம்னு தெரிஞ்சா, குடுக்கறதா வேணாமான்னு ஒரு முடிவுக்கு வந்துருவேன்."

இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாவலின் முடிவைப் பற்றி நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். 'உலுக்கிவிடும்' என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாளிடம் அதையே திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாதுன்னா?"

"நான் முடிக்கலை."

பல வருடங்களுக்கு முன் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் அப்பா. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஒன்பதாவது கார்டு. அதைப் பிரித்துப் படிக்கப் போகிறாள் அந்தப் பெண். அப்போது நர்ஸ் வந்து கூப்பிட்டார். புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனேன். பிறகு திறக்கவில்லை. வீட்டில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. தூசி தட்டும்போது மட்டும் எடுப்பேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மீன் மார்க்கெட்டில் நிற்கும் முகம் தெரியாத ஓர் அம்மாளிடம், ஆபீஸ் நேரத்தில், ஃபைல்களுக்கு நடுவில் சொன்னேன்.

"இரும்மா, போன்ல பேசிக்கினு இருக்கேன் இல்ல? இந்த மீனு எங்க போயிடப் போவுது?" — இது யாரோ வாடிக்கைக்காரிக்கு. பிறகு எனக்கு: "அப்ப பயந்துக்கினுதான் அவ பேப்பர்ல கோடு போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"நானும் பயந்துக்கினுதான் எடுத்தாந்தேன்."

யாருக்கோ மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"சரிங்க. சாயங்காலம் குடுத்துடறேன். படிக்கட்டும். அண்ணி இருக்குது, நான் இருக்கேன். மூணு பேரு இருக்கோம். நீங்கதான்... தனியா படிக்காதீங்க சார். வூட்ல யாரையாச்சும் பக்கத்துல வெச்சிக்கினு படிங்க."

போன் கட்டாகிவிட்டது. மேஜைமேல் இருந்த ஃபைலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த ஃபைல் நகரவில்லை. மற்ற நாட்களிலும் நகராது என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை, ஸ்கூலுக்குப் போகிற வழியில் சங்கீதா கூப்பிட்டாள்.

"முடிச்சிட்டோம் சார்."

"அழுதியாம்மா?"

"அழுதேன் சார். அம்மாவும் அழுதிச்சி. ஆனா அத்ததான் சார்... கத முடிஞ்சி புக்க மூடிட்டேன். அது பாட்டுக்கு அழுதுக்கினே இருந்திச்சி. 'அண்ணே, இப்டி போயிட்டியே அண்ணே'ன்னுது. எங்கப்பாவத்தான் சார் அது அண்ணேன்னு கூப்புடும். அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லல. மூணு பேரும் அப்டியே அழுதோம். மாமா வந்து பாத்துட்டு, அவரே போயி டீ போட்டாரு."

"அந்த லாரிக்காரர்—"

"சொல்ல மாட்டேன் சார். எங்கம்மா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்குது."

"சரி, அடுத்து என்ன படிக்கப் போறே? இன்னும் அழுவாச்சியா வேணுமா?"

கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம் சார். அதுக்கு இனிமே புக்கு தேவையில்ல. நல்லா சிரிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. முழுசா படிச்சதா சொல்லுங்க."

படித்ததைத்தான் சொன்னேன். எண்ணிப் பார்த்ததில், என் பத்தில் அப்படி ஆறுதான் தேறியது.

அன்று சாயங்காலம் இரண்டாவது தட்டிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். "சும்மாதான்" என்றேன். முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

இதை எழுதும்போது நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறோம். முடிவு தெரிந்தவர்கள் தயவுசெய்து போன் செய்ய வேண்டாம்!