மௌலா அலி படியில் ஒரு கம்பளி

மனைவியோடு உம்ரா யாத்திரைக்குப் போகுமுன், மக்காவின் ஹிரா குகை மலையில் ஏறப் பழகிக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர் மௌலா அலி குன்றுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து பழகிய உடம்பு. பாதிப் படியில் திரும்பிக் கீழே பார்த்ததும் தலை சுற்றியது. கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேலேயிருந்து ஒருவர் உட்கார்ந்தபடியே படிப்படியாக நகர்ந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். லாலாகுடா ரயில்வே பட்டறையின் நீலச் சட்டை, அந்த வெயிலிலும் தோளில் ஒரு கம்பளி. அவரும் கம்பியை விடவில்லை.

"நீங்களும் ஹிராவுக்கா?"

"ஹவ் பாய், ஹிராவுக்குத்தான், அடுத்த மாசம். தினம் வர்றேன், பயம் போவ மாட்டேங்குது."

"இந்த வெயில்ல கம்பளி எதுக்கு?"

"நம்ம நபி ரசூலுல்லாவே முதல் இறைச்செய்தி கேட்டு அங்கேருந்து நடுங்கிக்கிட்டுதானே வீட்டுக்கு வந்தாங்க? மனைவி கதீஜாம்மா போர்த்திவிட்டாங்க. என் வீட்டுல இப்ப யாரு இருக்கா? அதான் நானே கொண்டுபோறேன்."

சொல்லிவிட்டு அடுத்த படிக்கு நகர்ந்தார்.

மறு மாதம் ஹிராவிலிருந்து நான் கால் நடுங்க இறங்கியபோது, அடிவாரத்தில் காத்திருந்த என் மனைவி தன் சால்வையை என்மேல் போர்த்தினாள். நான் கூட்டத்தில் ஒரு கம்பளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.