எந்தப் பெட்டியில் எது

சேஷனுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து கழக்கூட்டத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகப் போய்வருகிறவர். வேலை, கம்பைலர் எழுதுவது. அதாவது, மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். மனைவி நாகலக்ஷ்மிக்கு இன்றுவரை அது என்னவென்று பிடிபடவில்லை, அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை.

நிரலுக்குள், ஒரு சின்ன வேலையைச் செய்கிற பகுதியான ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, விவரங்களை எந்த வரிசையில் வைப்பது என்று ஓர் ஏற்பாடு உண்டு. இலையில் உப்பு இந்த மூலையில்தான் என்பது மாதிரி. கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் சரிபார்க்காது. முதல் பெட்டியில் மாடி எண், இரண்டாவதில் வேகம் என்று நம்பி எடுத்துக்கொள்ளும். மாற்றி வைத்தால், ஏழாம் மாடிக்கு மெதுவாகப் போக வேண்டிய லிஃப்ட் முதல் மாடிக்கு ஏழு மடங்கு வேகத்தில் பாயும்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றுதான் சேஷன் குழுவுக்கு மிஞ்சியிருந்த வாடிக்கையாளர். பழைய லிஃப்ட்களின் சிப்பில் பதித்துப் பூட்டிய நிரலுக்கு ஒரு வரிசை, புதிய நிரலுக்கு வேறு வரிசை. இரண்டுக்கும் ஒத்துப்போகிற கம்பைலர் கேட்டார்கள். கொடுத்தால் குழு இருக்கும். இல்லாவிட்டால் ஐந்து பேரும் வீட்டுக்கு. பிரசவ விடுப்பில் இருந்த ஜெபமலரும் அதில் சேர்த்தி.

மூன்று மாதத்தில் சேஷன் முடித்துவிட்டார். ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும், கம்பைலர் பழைய வரிசைக்கு மாறிவிடும். சோதனைக்கு வந்த, சிப் பதித்த இரண்டு பழைய போர்டுகளில் ஒன்று சமர்த்தாக ஓடியது. மற்றது மோட்டாரைத் தறிகெட்டுச் சுழற்றியது. கூட வேலை பார்க்கும் பிரஜின் வயரில் கோளாறு என்றான். சேஷனுக்கோ பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது.

பதினாலு வருஷத்துக்கு முன்பு, ஓண விடுமுறைக்கு முதல் நாள், அந்தக் கம்பெனி இன்ஜினியர் வெங்கடகிருஷ்ணன் ஃபோனில் கெஞ்சியிருந்தார், ஒரு தொகுதி போர்டுகளுக்கு மட்டும் வரிசையை மாற்றித் தரச் சொல்லி. வரிசை மாறினால் நிரலின் பதிப்பு எண்ணும் மாற வேண்டும், அதற்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மூவரும் ஆபீசில் பூக்களக் கோலம் போட்ட கையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சேஷன் எண்ணை மாற்றாமலே வரிசையை மட்டும் மாற்றி அனுப்பினார். லீவு முடிந்து எழுதிவைக்கலாம் என்று நினைத்தார், எழுதவில்லை. அந்தத் தொகுதி எந்த லிஃப்ட்களுக்குப் போனது என்று தெரிந்திருந்த வெங்கடகிருஷ்ணன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது.

மேலாளர் பத்மஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“எந்த லிஃப்ட்டுல எதுன்னு கண்டுபிடிக்க வழியே இல்லையா?”

“வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

“மனுஷா ஏறற லிஃப்ட்டுலயா?” அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “நீங்க இதை எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாமேன்னு ஒரு நிமிஷம் தோணித்து, கேட்டேளா. தப்புதான்.”

பத்மஜா விஷயத்தைத் தெரிவித்ததும், பழைய போர்டுகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி எழுதிவிட்டது. மாதக் கடைசியோடு குழு கலைகிறது. குழுவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள் பத்மஜா. சேஷன் எழுதிய புதிய கம்பைலரில் ஒரு குறையும் இல்லை.

யாரிடம் முதலில் சொல்வது என்று வராந்தாவில் நிற்கும்போதே ஜெபமலர் ஃபோனில் கூப்பிட்டாள்.

“சார், திங்கக்கிழம ஜாயின் பண்ணுறேன். அம்மா மார்த்தாண்டத்துல இருந்து வந்தாச்சு, பிள்ளைய பாத்துக்கிடுவா. நம்ம லிஃப்ட் வேலைல எனக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கியளா?”

வைத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது.

“ஒரு நிமிஷம் சார், கட் பண்ணிராதீங்க.”

சேஷன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வருவதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார்.