ஊரில் இரண்டாவது தாலூத்

களியோடைப் பாலத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் ஒரு சாரன், ஒரு தொப்பி, நமத்துப்போன பிஸ்கட் கொஞ்சம். பின்னால் அட்டாளைச்சேனைப் பக்கத்தில் நான் ஓதிக்கொண்டிருந்த மத்ரஸா. முன்னால் நிந்தவூர், காரைதீவு, அதற்கப்பால் எங்கள் ஊர் சாய்ந்தமருது. ஆனால் நான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. ஊரைக் கடந்து கல்முனை பஸ் நிலையம் வரை நடந்து, முதலில் புறப்படும் பஸ் எதுவோ அதில் ஏறுவதாக எண்ணம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மத்ரஸாவில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. சாப்பாடு குறைவு, வீட்டிலும் அது குறைவுதான். பாடம் மனதில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் அது நிற்கவில்லை. அன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கேற் திறந்துகிடந்தது, வெளியே வந்துவிட்டேன். பிற்காலத்தில் நான் விட்டுவந்த வேலைகள் பலவற்றுக்கும் இதைவிடப் பெரிய காரணம் இருந்ததில்லை.

என் பெயர் தாலூத். குர்ஆனில் வரும் ஒரு ராஜாவின் பெயர் அது. எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்ட கூட்டத்துக்கு, இவர்தான் என்று அல்லாஹ் காட்டிய ஆள். கையில் ஒன்றுமில்லாத இவரா எங்களுக்கு ராஜா என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜாலூத் என்ற பெரும் பலசாலியை வென்றது அவருடைய படைதான். வாப்பா பள்ளிவாசலில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்து எனக்கு இந்தப் பெயரை வைத்தார். பிறகு டிரைவர் வேலைக்குச் சவூதிக்குப் போய்விட்டார். பெயரைச் சுமப்பது என் பாடாயிற்று. நான் கருவாட்டுக் குச்சி போல இருப்பேன். மத்ரஸாவில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றால், “ராஜா வாறாருடா, வழி உடுங்கடா” என்பார்கள். “டேய், ஜாலூத்து ஒன்னத் தேடி வந்தவன், நாளைக்கு வாறானாம்” என்பான் ஒருவன். எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று றிஸ்வான்கள் இருந்தார்கள். தாலூத் நான் ஒருவன்தான். அந்த ராஜாவுக்குப் பிறகு உலகத்திலேயே நான்தான் என்று நினைத்திருந்தேன்.

பாலம் கடந்து கொஞ்சத் தூரத்தில் நெல் ஏற்றிய உழவு மெஷின் ஒன்று என்னை ஏற்றி நிந்தவூரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மறுபடி நடை. காரைதீவின் வடக்கு எல்லையில் ஒரு சின்னக் கடை. நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் வாழைக்குலையை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். அவர் பெரிய கோப்பை நிறையத் தந்தார். பாதி குடித்திருப்பேன், எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கொரகொரத்தது. காற்று கடைப் பக்கம் வீசியதால் தெளிவாகக் கேட்டது. இன்னா லில்லாஹி சொல்லி முடித்துவிட்டு, பாங்கு சொல்லும் மோதினார் அறிவித்தார்: தாலூத் என்பவர் வபாத்தானார்; ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் செய்யப்படும்.

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தல் அப்படிச் சுருக்கமாக முடியாது. இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்ன வீதி, பிள்ளைகள் இன்னார் என்று வீட்டு முற்றம் வரை கொண்டுபோய் விட்டுத்தான் மோதினார் நிறுத்துவார். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டப்பெயர்தான் புழக்கத்தில் இருக்கும். சொந்தப் பெயர் அநேகமாக மௌத்தான அன்றுதான் வெளியே வரும். அதனால் அந்த உறவு வரிசையை வைத்துத்தான் ஆள் யாரென்று அறிவார்கள். அன்றைக்குப் பெயர் மட்டும் தனியே வந்தது.

“ஒங்கட ஆக்கள்ள ஆரோ மோசம் போயிட்டாங்க போல. தெரிஞ்ச ஆளா தம்பி?” என்றார் கடைக்காரர்.

“ஓம்.”

“வயசாளியா?”

“இல்ல. சின்னப் பொடியன்.”

“ஐயோ பாவம்” என்று கத்தியைக் கீழே வைத்தார். “பெத்த தாய் என்ன பாடுபடுவாளோ.”

அவர் அதைச் சொல்லும்வரை எனக்கு ஒருவித சந்தோஷம்தான் இருந்தது. செத்தவனை யாரும் மத்ரஸாவுக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அவர் சொன்ன பிறகுதான் உம்மா நினைவு வந்தது. கோப்பையைக் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கினேன். பஸ் நிலையம் அத்தோடு போயிற்று.

வீட்டில் நடந்ததைப் பிறகு கேட்டு அறிந்தேன். காலையிலேயே மத்ரஸாவிலிருந்து மாமாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது: பிள்ளையைக் காணவில்லை. மாமா உம்மாவின் தம்பி; உம்மாவை ராத்தா என்றுதான் அழைப்பார். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அவர் வந்து உம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்புவதற்குள் ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லிவிட்டது. பிரதான வீதியில் பஸ்கள் ஓடும் ஓட்டம் எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருந்த ஒரே தாலூத்தும் எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலுக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கண்டு “யா அல்லாஹ்” என்று கத்தி, கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் போட்டாள். பெண்கள் விலகினார்கள். உம்மா எழுந்து வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. என் முகத்தைத் தடவினாள், கைகளைத் திருப்பிப் பார்த்தாள், குனிந்து கால்களைத் தொட்டாள். பிறகு கன்னத்தில் ஓர் அறை விட்டாள், காது ஙொய்யென்றது. சுற்றி நின்றவர்கள் அழுகையும் சிரிப்புமாக “அல்ஹம்துலில்லாஹ்” சொன்னார்கள். யாரோ கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப ஆரு?” என்று கேட்டாள்.

“ஆரு எண்டா?” என்றார் மாமா.

“மௌத்தானது ஆரு?”

மாமா பள்ளிவாசலுக்குப் போய் வந்தார். இறந்தவர் ஊரார் ஐஸ் காக்கா என்று அழைக்கும் ஆள். கடற்கரையில் மீன் வாங்கி அனுப்பும் கொட்டிலான மீன் வாடியில் ஐஸ் உடைப்பவர். வாடியின் பின்பக்கத்திலேயே படுத்து, அங்கேயே சமைத்து இருந்தவர். கடல் வந்து எங்கள் கரையை அழித்துவிட்டுப் போன பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். மன்னார்ப் பக்கம் என்பார்கள் சிலர், புத்தளம் என்பார்கள் சிலர். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கலியாணம், பிள்ளை, சொந்தம் எதுவும் யாரும் கண்டதில்லை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது மோதினார் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அப்போது மட்டும் காக்கா தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவரை எனக்கும் தெரியும். ஐஸ் துண்டு கேட்டால் பெரிதாகத் தருவார். அவருக்கும் என் பெயர்தான் என்பதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

“அவர்ர உம்மாட பேர் ஆருக்கும் தெரியுமாமா?” என்றாள் உம்மா.

எங்கள் ஊரில் மையித்தை அடக்கி மண் தள்ளிய பிறகு, லெப்பை கப்றின் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதுவார். மலக்குகளான வானவர்கள் வந்து கேட்கும்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உள்ளே கிடப்பவருக்கு நினைவூட்டும் ஓதல் அது. அதற்கு முன் அவரைப் பெயர் சொல்லி மூன்று தரம் அழைப்பார். அங்கே வாப்பாவின் பெயர் செல்லாது. இன்ன தாயின் மகனே என்றுதான் அழைக்க வேண்டும்.

“தெரியாட்டிப் பரவால்லயாம். ஆதி உம்மா ஹவ்வாட மகன் எண்டு ஓதலாமாம். கிதாபுல இருக்கெண்டு லெப்பை சொன்னார்” என்றார் மாமா.

உம்மா சொன்னாள். “என்ட பேரச் சொல்லி ஓதச் சொல்லு.”

மாமா என்னை ஒருமுறை பார்த்தார், உம்மாவை ஒருமுறை பார்த்தார். “ராத்தா, ஒனக்கு விசரா? அந்தாள் ஆரு எவரு எண்டு தெரியா. அவர்ர கப்றடியில ஒன்ட பேரக் கூப்பிட்டா ஊர் என்ன கதைக்கும்? ஒன்ட மகனுக்கும் அதே பேரு. ஆராச்சும் சவூதிக்கு மச்சானுக்குக் கோல் எடுத்துச் சொன்னா?”

“இண்டைக்குக் காலத்தால நான் அழுதது தாலூத்துக்குத்தானே. இவன் உசிரோட வந்து நிக்கான். அப்ப அந்த அழுக ஆருக்குப் போன?”

“ஹவ்வா எல்லாருக்கும் உம்மாதானே ராத்தா.”

“ஓம். ஆனா அவ அழல்ல. அழுதது நான்தான்.”

மாமா ஊரில் எல்லோருடனும் வாதாடி வெல்பவர். அன்று வாதாடாமல் என் கையைப் பிடித்து மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். என்னை ஏன் கூட்டிப் போகிறார் என்று தெரியவில்லை. உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக இருக்கலாம்.

மையித்தைச் சுமந்த சந்தூக்குக்குப் பின்னால் வாடிக்காரர்களும், தொழுகைக்கு வந்தவர்களில் கொஞ்சப் பேரும் நடந்தார்கள். அடக்கம் செய்யும் மையவாடியில் மணல் ஈரமாக இருந்தது. மண் தள்ளி முடிந்ததும் மாமா லெப்பையை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“பொய்யாகிருமே தம்பி” என்றார் லெப்பை.

“ஆகும்தான். ஆனா அத எனக்கு ராத்தாக்கிட்டப் போய்ச் சொல்ல ஏலா. நீங்க வந்து சொல்றதெண்டா வாங்க, ஏத்திட்டுப் போறன்.”

லெப்பை என்னைப் பார்த்தார். “நீயா மத்தத் தாலூத்து?”

“ஓம்.”

“நீயும் மௌத்தெண்டு கதை வந்து, காலத்தால ஒனக்கும் ஒரு துஆக் கேட்டுட்டன். அது வீண் போகா, வெச்சிக்க” என்றுவிட்டுப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

முதல் தரம் “யா தாலூத்” என்று அழைத்து, ஹவ்வாவின் மகனே என்றார். இரண்டாம் தரமும் அப்படியே. மாமா பெருமூச்சு விட்டார். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். மூன்றாம் தரம் லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டார். “யா தாலூத்” என்றார். அடுத்து, என் உம்மாவின் பெயரைச் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர் தலையைத் தூக்கினார். பிறகு இன்னொருவர். லெப்பை நிறுத்தாமல் அரபியில் தொடர்ந்து ஓதினார். என் பெயரும் என் உம்மாவின் பெயரும் மண்ணுக்குள் இறங்கிப்போவது போல இருந்தது. பதில் சொல்ல வேண்டியது நானா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அதன் பிறகு வேறு தாலூத்களையும் கண்டிருக்கிறேன். சவூதியில் தம்மாமில் சீமெந்து லொறி ஓட்டிய சூடான்காரர் ஒருவர். கற்பிட்டியில் உப்புக் காற்றில் பெயர் தவிர மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்த மீஸான் கல்லுக்குக் கீழே, கப்றில் ஒருவர். எந்தக் காலத்து ஆள் என்று சொல்ல அங்கே யாருமில்லை. சூடான்காரரிடம் அவருடைய தாயின் பெயரைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் சொன்னார்; என் தாயின் பெயரையும் கேட்டுக்கொண்டார். கற்பிட்டியில் கேட்க வழியில்லை. அந்தப் பழைய ராஜாவின் தாய் பெயரை இரண்டொரு ஆலிம்களிடம் விசாரித்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள். “சொன்னாரா?”

“ஓம்.”

“எத்தின தரம்?”

“ஒருக்கா.”

“போதும்” என்றாள். கழுநீரை முருங்கையடியில் ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மாமா அடுத்த நாள் என்னைத் திரும்பவும் மத்ரஸாவில் விடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அவர் வருமுன்பே எழுந்து கடற்கரைக்குப் போனேன். தோணிகள் கரைக்கு வந்திருந்தன. மீன் குவிந்து கிடந்தது. ஐஸ் கட்டிகள் உடைக்க ஆளில்லாமல் சாக்குக்கு வெளியே உருகி மணலில் ஓடிக்கொண்டிருந்தன. வாடி முதலாளியிடம் வேலை கேட்டேன்.

“ஆர்ர மகன் நீ?” என்றார்.

அப்படிக் கேட்டால் வாப்பாவின் பெயரைத்தான் சொல்வார்கள். முந்தின நாள் மாலை முழுவதும் காதில் நின்றது உம்மாவின் பெயர்தான், அதைச் சொன்னேன். கப்றடிக்கு வந்திருந்த இருவர் தராசடியில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். மற்றவர், “அப்ப ஐஸ் காக்காட இடத்துக்கு ஆள் சரிதான் முதலாளி, குடுங்க வேலைய” என்றார்.

மனம் விட்டுச் சிரிக்கும் ஆட்கள், நல்ல இடம் என்று நினைத்தேன். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை, மூலையில் சாய்ந்திருந்த ஐஸ் உடைக்கும் பொல்லைக் காட்டினார். ஐஸ் கட்டியைச் சாக்குக்குள் தள்ளி, சாக்கின் வாயைக் காலால் மிதித்துக்கொண்டு, முதல் அடியை ஓங்கி அடித்தேன்.