முழுசாகச் சுரண்டாத பல்

பிள்ளைகளே, போன வாரம் பல் டாக்டர் சின்னவனின் சொத்தையைக் கொஞ்சம் மட்டும் சுரண்டிவிட்டு மூடினார். நான் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். நான் பயந்துவிட்டேன் என்று பெரியவள் சிரித்தாள். பயம்தான். காரணம் கேளுங்கள்.

என் தங்கைக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, அப்போது எட்டு வயது. எனக்குப் பத்து. ஆரணியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டார்கள். அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் குழி. கையைப் பிடித்துக்கொள்ள வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். மிஷின் இல்லை, ஊசி இல்லை. டாக்டரம்மா சின்னக் கரண்டி மாதிரி ஒன்றால் சுரண்டினார். அவள் அழவே இல்லை. எட்டிப் பார்த்த எனக்குத்தான் பகீரென்றது. குழியின் அடியில் இன்னும் பழுப்பாக இருந்தது. அதன் மேலேயே வெள்ளைப் பசையை வைத்து அடைத்துவிட்டார்.

"அடியில கொஞ்சம் கீதே, டாக்டர்."

"இருக்கட்டும்டா. தோண்டினா நரம்புல பட்டுடும். மூடிட்டா பூச்சி தீனி இல்லாம அடங்கிடும்."

நான் நம்பவில்லை. ஆனால் அவளுக்கு அப்புறம் வலியே வரவில்லை. ஆறேழு மாதம் கழித்து, ஏதோ முறுக்குச் சண்டையில் நான்தான் வாயை விட்டேன்.

"ஏய், உன் பல்லுல பூச்சிய உள்ள வச்சே மூடிட்டாங்க, தெரியுமா?"

தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருந்த அப்பா மிதிப்பதை நிறுத்தினார். "இன்னாடா சொன்ன?"

சொன்னேன். பட்டில் கறை பட்டால் அதை மடிப்புக்குள் மறைத்துக் கொடுப்பவனை அப்பா மனிதனாகவே மதிக்கமாட்டார். "கறைய உள்ள மடிச்சுக் குடுத்துட்டாளா அந்தம்மா?" என்று சட்டையை மாட்டினார்.

"நல்லாத்தான தின்னுகினு கீறா, எதுக்குங்க?" என்று அம்மா வாசல்வரை ஓடிவந்தாள். அப்பா கேட்கவில்லை. களம்பூரில் பல் பிடுங்குகிறவர் ஒருவரிடம் எங்கள் இருவரையும் பஸ்ஸில் கூட்டிப்போனார்.

பிடுங்கியவர் பல்லைத் தட்டில் போட்டு, அடைப்பை உடைத்து, அடியில் இருந்த பழுப்பைக் கம்பியால் குத்திப் பார்த்தார். டக் டக் என்றது.

"கல்லு மாதிரி கீதேய்யா! நல்ல பல்ல எதுக்குப் புடுங்கச் சொன்ன?"

அப்பா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை வாயில் பஞ்சோடு என்னைப் பார்த்தாள்.

"அழாத, வேற முளைக்கும்" என்றேன். எனக்கு விழுந்த பற்களெல்லாம் மறுபடி முளைத்திருந்தன. அது பால்பல் இல்லை, ஒரே ஒரு தடவை முளைக்கிற பல் என்று எனக்குத் தெரியாது.

அன்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தனியாக உட்கார்ந்து, தங்கையைப் போலவே சோற்றை ஒரு பக்கமாகவே மென்று பார்த்தேன். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.