சிஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சிஸ்டர் வீட்டிலிருந்த எல்லாப் படுக்கைகளுக்கும் விரிப்பு மாற்றினாள். இருந்தவை இரண்டே படுக்கைகள். ஒன்றில் கணவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை ஒருக்களித்துப் புரட்டி, பழைய விரிப்பை முதுகுக்குக் கீழே சுருட்டி, புதியதை அந்தப் பக்கம் செருகி, மறுபடி இந்தப் பக்கம் புரட்டி, அவர் முழுதாகக் கண்ணைத் திறப்பதற்குள் வேலையை முடித்துவிட்டாள். எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்கு வார்டில் செய்கிற முறை அது.

"சொல்லியிருந்தா நானே எழுந்திருச்சிருப்பேனேம்மா," என்றார் அவர்.

"பரவாயில்ல, படுங்க."

எலும்பு முறிவு வார்டின் தலைமைச் செவிலியாக இருந்தவள். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியிலிருந்து காய்கறி வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். கணவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவளுக்கு முன்பே ஓய்வு பெற்று, சும்மா இருப்பதை மெல்ல மெல்லக் கற்றுத் தேறியிருந்தார். காலையில் செய்தித்தாள், மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் வானொலி. அவள் வீட்டோடு வந்ததும் அந்தப் படிப்பெல்லாம் வீணாய்ப் போனது. செய்தித்தாளைக் கையிலெடுத்தால் முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னாள். தூங்கினால் இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள்.

வீட்டில் வேலை தீர்ந்ததும் வெளியே தேடிப் போனாள். காலையில் நடக்கப்போகும் குழுவில் சேர்ந்தாள். குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டிப் பொறுப்பை வலியக் கேட்டு வாங்கினாள். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிறவள், நீச்சல் வகுப்புக்குக்கூடப் பணம் கட்டினாள். மகள் தொலைபேசியில் கேட்டாள்: "ஏம்மா, நீ ஓய்வு வாங்கினியா, இல்ல வேற டிபார்ட்மென்டுக்கு மாறிட்டியா?"

"சும்மா உட்கார்ந்தா துருப்பிடிச்சுப் போயிடுவேன்டி."

"அப்பா துருப்பிடிச்சா போயிட்டாரு?"

"அவரு அப்பவே அப்படித்தான்," என்றாள் சிஸ்டர். அடுத்த அறையில் வானொலியின் சத்தம் கொஞ்சம் கூடியது.

எதிலும் நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் பணி மாறும் நேரம் வந்தால், என்ன செய்துகொண்டிருந்தாலும் உடம்பு தானாக எழுந்து நின்றுவிடும். எழுந்தபின் யாரிடம் எதை ஒப்படைப்பது என்று தெரியாமல் ஜன்னலைத் திறந்து மூடுவாள். நடைக்குழுவில் எல்லோரையும் வேகமாக நடக்கச் சொல்லி, நொண்டிய ஒருவரை வழியிலேயே உட்காரவைத்துக் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள். அடுத்த வாரம் அவள் போய் நின்றபோது பூங்கா வாசலில் யாரும் இல்லை. நேரத்தை முன்னால் மாற்றிக்கொண்டு, அவளிடம் சொல்ல மறந்துவிட்டார்களாம். அத்தனை பேரும் சேர்ந்தாற்போல மறந்திருந்தார்கள்.

அவளைத் தாங்கிக்கொண்ட ஒரே இடம் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பொது அறைதான். ஒரு கேரம் பலகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், யாராவது கொண்டுவரும் தேநீர் பிளாஸ்க். சாயங்காலங்களில் வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள் கூடுவார்கள். முன்பு லாரி ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சுக்கும் அவர்தான் ஓட்டுநர். ஆனால் சிஸ்டர் அங்கே போனது பேக்கரி அக்காவுக்காக.

கணவர் போன பிறகும் பக்கத்துத் தெருவில் தனியாளாக நின்று பேக்கரி நடத்தியவள் அக்கா. போன வருடம்தான் கைபேசிக் கடைக்காரர்களுக்கு அந்த இடத்தை விற்றாள். ஓய்வு என்றால் அக்கா மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டடமே சொல்லும். கேரமில் தோற்றாலும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள், பகலில் கூசாமல் தூங்குவாள். சிஸ்டர் முதல் நாள் உள்ளே வந்து, நாற்காலிகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தவள் அவள்தான்.

"உட்காரு சிஸ்டரு. நாற்காலி எங்கயும் ஓடிடாது. உனக்குத் தூக்கத்துல குறட்டை வருமா?"

"என்ன கேள்வி இது?"

"எனக்கு வரும். அதான் கேட்டேன். வெட்கப்படாம சொல்லு."

சிஸ்டரிடம் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்பது அவள் வேலையாக இருந்தது. அத்தனை வருடச் சிநேகிதிகள் எல்லோரும் பணிப் பட்டியலில் இருந்தவர்கள், பட்டியலிலிருந்து பெயர் போனதும் பேச்சும் போய்விட்டது. வேலைக்கு வெளியே, இந்த வயதில், அவளுக்கென்று கிடைத்தவள் அக்கா ஒருத்திதான். அது சிஸ்டருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அக்கா தாமதமாக வந்தாள். தேநீரைத் தொடவில்லை. டிரைவர் தன் மாமியாரை லாரியில் ஏற்றிய கதையைச் சொன்னபோது அறையே சிரித்தது, அக்கா சிரிக்கவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. முகம் வெளுத்து, ஒரு கையால் கழுத்துக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாள்.

சிஸ்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது. அடுத்த நொடி அக்காவின் மணிக்கட்டு அவள் விரல்களுக்குள் இருந்தது. நாடி குதிரையாய் ஓடியது.

"நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு."

போகிற உயிர் முக்கால்வாசி 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டுத்தான் போகும் என்பது சிஸ்டர் கண்ணால் பார்த்த உண்மை. "டிரைவர், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ஜன்னலைத் திறங்க. யாரும் சுத்தி நிக்காதீங்க, காத்து வரட்டும்!" என்றாள். குரல் பழைய குரலாகவே வந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கேரம் காய்கள் தரையில் உருண்டன.

"சிஸ்டரு, வேணாம். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்..."

"பேசாதீங்க அக்கா. பேசினா மூச்சு வாங்கும்."

பால்கனிகளெல்லாம் நிறைந்துவிட்டன. தள்ளுகட்டிலில் ஏற்றியபோது அக்கா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

போனது சிஸ்டரின் பழைய ஆஸ்பத்திரிக்கு. அவசரப் பிரிவில் "சிஸ்டர் வந்துட்டாங்க!" என்று இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். நெஞ்சில் ஒட்டும் ஒயர்களை அவளே எடுத்து ஒட்டினாள். அடுத்த கட்டிலில் முடியப்போகிற சலைன் பாட்டிலைச் சுட்டிக்காட்டினாள். ஊசித் தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போன செவிலிப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வாங்கு வாங்கினாள். கால்களுக்குத் தரை தெரிந்திருந்தது. எத்தனையோ நாளாகத் தொலைந்துபோயிருந்த மூச்சு ஒழுங்காக வந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வைத்திருந்து பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. "கூட்டிட்டு வந்தது சரிதான் சிஸ்டர். இந்த வயசுல இப்படி வேர்த்தா விட்டுறக் கூடாது," என்றார் மருத்துவர். சிஸ்டர் மகிழ்ந்துபோய்க் கட்டில் பக்கம் திரும்பினாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ரொம்ப சந்தோஷமா இருக்கே சிஸ்டரு."

"பின்ன? உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே!"

"அவர் சொல்றதுக்கு முன்னாடியே இருந்தே," என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இருவரும் ஒன்றாகவே கட்டடத்துக்குத் திரும்பினார்கள். லிப்டுக்குள்தான் அக்கா வாயைத் திறந்தாள். கடையை வாங்கி இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தவர்கள் இப்போது அவளுடைய அடுப்பை எடுக்கப்போகிறார்கள். ஆள் உயர இரும்பு அடுப்பு. அதை உள்ளே வைத்த பிறகுதான் முன்சுவரையே எழுப்பினார்கள், அதனால் வாசல் வழியாக வராது. துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது அளவெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

"அதை உங்கிட்ட சொல்லலாம்னுதான் வந்து உட்கார்ந்தேன். வாயைத் திறக்க விட்டியா? ஊரைக் கூட்டி என்னைப் பாடையில ஏத்தாத குறையா ஏத்தினே. நான் உனக்கு மனுஷியா, பேஷண்டா?"

லிப்டின் கதவு திறந்தது. அக்கா போய்விட்டாள்.

அதன்பின் அவள் பொது அறைக்கு வரவில்லை. டிரைவர் மட்டும் வழக்கம்போல இருந்தார். "எனக்கு இருமல் வந்தா வெளிய போய் இருமிட்டு வர்றேன் சிஸ்டர். இங்க இருமினா நெஞ்சைத் திறந்துடுவீங்க," என்றார். எல்லோரோடும் சேர்ந்து சிஸ்டரும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

நீச்சலுக்குப் போனாள், பாதியில் கரையேறினாள். நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டினாள். ஒருநாள் வேலை இருப்பதுபோலப் பழைய வார்டுக்கே போனாள். புதிதாகப் பொறுப்பேற்றவள் மரியாதை தெரிந்த பெண். "வாங்க சிஸ்டர்," என்று பார்வையாளர் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்து பார்த்தபோது வார்டு எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து கணவரின் முன்னால் நின்றாள். "நான் செஞ்சது தப்பாங்க?"

அவர் வானொலியை நிறுத்தினார். "தப்பில்ல. டாக்டரே சொல்லிட்டாரே."

"அப்புறம் ஏன் இப்படி?"

"பேசாதேன்னு சொன்னியாம்ல?"

"யாரு சொன்னது?"

"கட்டடமே சொல்லுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வீட்டோட வந்ததுலேருந்து நான் எப்படி இருக்கேன்னு தினம் பார்க்குற. ஒருநாளும் கேட்டதில்ல."

"பார்த்தாலே தெரியுதே, எதுக்குக் கேட்கணும்?"

"அதைத்தான் சொல்றேன்."

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி. எப்படி இருக்கீங்க?"

"இப்பவா? பசிக்குது," என்றார் அவர். "அப்புறம், அந்த இடப்பக்கம் படுக்குறது எனக்குப் பிடிக்கல."

மறுநாள் காலையில் அவள் அக்காவின் வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள். அக்கா கதவைப் பாதி திறந்து, முதலில் அவள் கையைப் பார்த்தாள்.

"எங்க, பிரஷர் மெஷின்?"

"கொண்டு வரல."

"ஆச்சரியம்தான்." உள்ளே வா என்று சொல்லவில்லை.

அக்காவின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சாப்பிட்டிருக்கிற மாதிரித் தெரியவில்லை. தூங்கினீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று வரிசையாக நாக்கு நுனிக்கு வந்ததையெல்லாம் சிஸ்டர் விழுங்கினாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது நிஜம் அக்கா. நீங்க கட்டில்ல கிடந்தீங்க, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து நினைச்சா வெட்கமா இருக்கு."

அக்கா கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு செருப்பைக் காலில் மாட்டினாள். "இன்னிக்குத்தான் அடுப்பை வெட்டுறாங்க. தனியாப் போக மனசு வரல. வர்றியா?"

"வர்றேன்."

"வந்து என்ன செய்வே?"

சிஸ்டர் யோசித்துப் பார்த்தாள். "தெரியல."

"அப்ப வா."

கடை வாசலில் ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. உள்ளே மூன்று பேர். ஒருவன் கருப்புக் கண்ணாடி போட்டு எரிவாயுத் தீயால் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தான். எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். முதல் இரும்புத் தகடு விழுந்த சத்தத்தில் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. இரண்டாவது விழுவதற்குள் கைப்பையைச் சிஸ்டரிடம் திணித்துவிட்டுச் சாலையைக் கடந்துவிட்டாள்.

"ஏம்ப்பா! அடுப்புக் கதவை முதல்ல கழட்டுங்கப்பா!"

"கழட்டியாச்சும்மா. அங்க பாருங்க, சுவத்துல சாய்ச்சிருக்கோம்."

"சரி சரி. அதை அப்படியா சாய்க்கிறது? யாரு மேலயாவது விழப்போகுது. நீ அந்தப் பக்கம் பிடி. தம்பி, ரொட்டித் தட்டையெல்லாம் மிதிக்காதே, ஓரமா அடுக்கு!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரிவள் என்று கேட்க ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. அக்கா கையை மடக்கிவிட்டுக்கொண்டு ஒரு முனையைத் தானே தூக்கினாள். போ, வா, இறக்கு, மெதுவா. குரல் தெருவரைக்கும் கேட்டது. பொது அறையில் குலுங்கிச் சிரிக்கிறவளிடம் இந்தக் குரல் இருந்ததைச் சிஸ்டர் இதுவரை கேட்டதில்லை.

சிஸ்டர் நடைபாதையில் கைப்பையோடு நின்றாள். நிற்பது இவ்வளவு பெரிய வேலையா என்று இருந்தது. உள்ளே ஒருவன் கட்டைவிரலில் அழுக்குத்துணி சுற்றியிருந்தான். அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். பையைக் கை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். சாலையைக் கடக்கக் கால் ஒரு தடவை இறங்கியது, திரும்ப ஏறியது. கடைப் பெயர்ப்பலகை, எதிரே நின்ற பேருந்து, மின்கம்பிமேல் ஒரு காகம் என்று கண்ணை எங்கெங்கோ ஓட்டினாள்.

அக்கா வெளியே வந்தபோது முழங்கைவரை கரி. மேலுதட்டில் வியர்வை, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. கண் சிவந்திருந்தது. அழுதாளா, புகையா என்று சொல்ல முடியாது. சிஸ்டரின் வலது கை பாதி தூரம் அந்த மணிக்கட்டை நோக்கிப் போய்விட்டது. அதைத் திருப்பிப் பையின் வாரில் சுற்றிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு அக்கா?"

"சொல்றேன். உட்காரு."

ஒரு மூடிய கடையின் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அக்கா அடுப்பு வந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். கூரை போடாத கடை, கொட்டிய மழை, சேற்றில் சிக்கிய லாரி, தள்ள வந்த தெருக்காரர்கள். முதல் நாள் சுட்ட ரொட்டி அத்தனையும் கருகியது, அதைப் பெருமையாக வாங்கிப்போன ஒரே ஒரு ஆள். கதை நேராக வரவில்லை. லாரியிலிருந்து மைத்துனருக்குத் தாவி, அங்கிருந்து ஒரு பூனைக்குப் போனது. சிஸ்டர் இடையில் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த ஆளு திரும்ப வந்தாரா?"

"அவரைத்தானே கட்டிக்கிட்டேன்!" என்றாள் அக்கா. "குறுக்கே பேசாதே, அது அப்புறம் வருது."

எதிரே இன்னொரு தகடு விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, கதையில் விட்ட இடத்தைத் தேடினாள். சிஸ்டருக்கு எழுந்து போய்த் தண்ணீர் வாங்கி வரவேண்டும்போல இருந்தது. எழுந்திருக்கவில்லை.

"பூனைக்கிட்ட நின்னீங்க," என்றாள்.