தாரணியின் காதுவலி நின்ற நாள்

முருகனை நம்பிப் பிழைக்கும் என் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் மூணாறுப் பக்கத்து வட்டவடை செல்வியின் வணக்கம். கிருத்திகைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசித்து விடுங்கள். போன ஆடியில் என் மகள் தாரணி செத்துப் பிழைத்தாள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் தப்பையும் சொல்லியாக வேண்டும். மறைத்துவிட்டு நன்றி சொன்னால் அது நன்றியே இல்லை.

தாரணிக்கு நான்கு வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து எங்களுக்குப் பிறந்தவள். அந்த ஆடியில் பத்து நாள் விடாத சாரல். கேரட் வயலுக்குள் கால் வைக்க முடியவில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, காதுக்குள்ள குத்துதும்மா."

எனக்குப் பயமே வரவில்லை. எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காது வலித்தாலும் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். எங்கள் தோட்டத்துப் பூண்டில் நாலு பல்லை நசுக்கி, நல்லெண்ணெயில் போட்டு, சிறு தீயில் காய்ச்சி வடிகட்டுவேன். வெதுவெதுப்பாக இரண்டு சொட்டுக் காதில் விடுவேன். பெரும்பாலும் மறுநாளே பிள்ளை ஓடி விளையாடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

தாரணிக்கும் அப்படியே விட்டேன். திங்கட்கிழமை மதியம் வலி அதிகமானது. சோறு வேண்டாம், பால் வேண்டாம், மடியில் படுக்கவும் மாட்டேன் என்று துடித்தாள். என் வீட்டுக்காரர் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோமா புள்ள?"

"சும்மா இருங்க. நான் பாக்காத காதுவலியா?"

இதைச் சொன்ன வாய் இதுதான். சொல்லிவிட்டு விளக்கேற்றினேன். "முருகா, எம்புள்ளையோட வலிய மட்டும் எடுத்துரு, வேற ஒண்ணும் கேக்கல" என்று அழுதேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வலி நின்றுவிட்டது. பிள்ளை அழுகையை நிறுத்தி, கஞ்சி கேட்டுக் குடித்து, தூங்கிப் போனாள். தலையணையில் மஞ்சளாகத் தண்ணீர் ஊறியிருந்தது. உள்ளே இருந்த கெட்ட நீரை எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே கோயிலில் தேங்காய் உடைத்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மிச்சம் இருப்பதும் வந்துவிடட்டும் என்று செவ்வாய்க்கிழமையும் எண்ணெய் விட்டேன். புதன்கிழமை பிள்ளை சோர்ந்து படுத்தே கிடந்தாள். வலியில் களைத்த உடம்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவளைத் தூக்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. முடியை ஒதுக்கிப் பார்த்தேன். இடது காது, தலையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்த வீக்கம். விரல் பட்டதும் வீறிட்டாள்.

ஊர் சுகாதார நிலையம் இன்னும் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டும் ராசு அண்ணனைக் கையோடு கூட்டி வந்தார். மூணாறுக்குக் கிளம்பினோம். காட்டுப் பாதையில் பாதி தூரம் போனதும் ஜீப் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது.

ராசு அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "வாள் வந்து அறுத்தாத்தான்மா வழி. ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. தாரணி வாந்தி எடுத்தாள். "தாரணி, அம்மாவப் பாரு" என்று சொன்னால் கண் என் பக்கம் திரும்பவில்லை. நான் பிள்ளையோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்குக் கும்பிடவும் வாய் வரவில்லை. திங்கட்கிழமை நான் கேட்டதைத்தானே கொடுத்தான்? பிறகு ஏன் இப்படி என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் கோபமும் போய்விட்டது. "முருகா, எனக்கு என்ன கேக்கணும்னே தெரியல. எனக்குத் தெரியும்னு நெனச்சதெல்லாம் போதும். இவளுக்கு எது நல்லதோ அத நீயே பாத்துச் செய்" என்றேன். அவ்வளவுதான்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. மூணாறிலிருந்து வந்த ஜீப். அதிலிருந்து ஒரு பெண் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்து எங்கள் பக்கம் வந்தார். எங்கள் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த ஷைலா சிஸ்டர். மூணாறிலிருந்து வேலைக்கு வருபவர், அன்றைக்குக் காலை முதல் ஜீப்பைத் தவறவிட்டு அடுத்த ஜீப்பில் வந்திருக்கிறார். முதல் ஜீப்பில் வந்திருந்தால் மரம் விழுவதற்கு முன்பே எங்களைக் கடந்து போயிருப்பார், எனக்குத் தெரிந்தே இருக்காது.

சிஸ்டர் காதைப் பார்த்தார். பின்னால் இருந்த வீக்கத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"சேச்சி, இது சாதா காதுவேதன இல்ல. பழுப்பு, சீழு, பின்னாடி எலும்புல கேறியிருக்கு. மூணாறுல நிக்க வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி போணும். மோளைத் தூக்குங்கோ, நானும் கூட வரேன்."

என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டு மரத்தின் மேல் ஏறி இறங்கினார். அந்த ஜீப்பில் வந்தவர்கள் ஒருவர்கூட முணுமுணுக்காமல் மழையில் இறங்கி இடம் கொடுத்தார்கள். ஜீப் திரும்பியது. சிக்னல் கிடைத்த இடத்திலேயே சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். வழி முழுக்கப் பிள்ளையின் தலையைத் தன் மார்பில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் தயாராக இருந்தார். அன்று பிற்பகலே காதுக்குப் பின்னால் கீறிச் சீழை எடுத்தார்கள்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உட்காரச் சொன்னார்.

"திங்கட்கிழமை வலி நின்னது காது சவ்வு கிழிஞ்சதாலம்மா. உள்ளே தேங்கின சீழ் வெளியே வந்ததும் வலி விட்டுருச்சு. ஓட்டை விழுந்த காதுல எண்ணெயோ தண்ணியோ எதுவும் போகக் கூடாது. இதெல்லாம் உங்க எண்ணெயால வந்ததுன்னு நான் சொல்லல. ஆனா அதை நம்பி மூணு நாள் போயிருச்சு. இன்னும் ஒரு நாள் போயிருந்தா மூளைக்குப் பரவியிருக்கும்."

வாய்விட்டு அழுதேன். சவ்வு கிழிந்ததற்கா நான் தேங்காய் உடைத்தேன்!

ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். ஊசி மருந்து நரம்பில் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லி, காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணாடி அறைக்குள் பிள்ளையை உட்கார வைத்தார்கள். வெளியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கை மட்டும் தெரிந்தது. முதலில் வலது காது. உடனே தூக்கினாள். பிறகு இடது காது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடியும். "ரொம்பச் சின்னச் சத்தமும் கேக்குதும்மா, ஓட்டை தானாவே மூடிருச்சு" என்றார்கள். அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

இப்போதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். விரட்டுவதில்லை. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை, என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதுக்கு வெளியே ஒற்றிக் கொடுக்கிறேன். தலையை உயர்த்திச் சாய்த்துக்கொள்ளச் சொல்கிறேன். வெதுவெதுப்பாகக் கஞ்சி கொடுக்கிறேன். பிள்ளையின் எடைக்குத் தக்கபடி சிஸ்டர் சொல்லும் அளவில்தான் காய்ச்சல் மருந்து. காதுக்குள் எதையும் விடுவதில்லை, குடைவதுமில்லை. சீழோ, வீக்கமோ, காய்ச்சலோ இருந்தால், இரண்டு நாளில் வலி குறையாவிட்டால், கைக்குழந்தையாக இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

போன வாரம் பக்கத்துத் தெரு மகேஸ்வரி தன் கைக்குழந்தையோடு வந்தாள். காதில் நீர் வடிந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கும்பிட்டோம். பிறகு ராசு அண்ணனுக்குப் போன் போட்டேன். அவள் தயங்கினாள்.

"ஏக்கா, கும்புட்டதே போதாதா?"

"கும்புட்டுக்கிட்டே ஜீப்புல ஏறு தாயி. அவனும் கூட வருவான்."

ஏறினாள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை துடித்தால் முழுசாக அவனிடம் ஒப்படையுங்கள், ஒப்படைத்த கையோடு கிளம்புங்கள். மரம் விழுந்த சாலையில் அந்தப் பக்கம் ஹாரன் அடித்தவன், உங்களையும் நடுவழியில் விடமாட்டான்.